கடைக் கணினியும் நினைவக எல்லையும்

வியாபாரிகளாகிய நமக்குள் பழைய கணினியை விட்டுவிட மனம் வராதவர்கள் அநேகர். பில் போடவும், பற்று வரவு எழுதவும், சரக்கிருப்பைப் பார்க்கவும் அது இன்னும் உதவும்போது மாற்றுவானேன் என்பது அவர்கள் வாதம். நியாயமான வாதந்தான். ஆனால் கணினி மெதுவாகிவிட்டதென்று ரேம் எனப்படும் நினைவகத்தைக் காசு கொடுத்து வாங்கிச் செருகுமுன் ஒரு விஷயத்தை அறிந்துகொள்ள வேண்டும். எவ்வளவு ரேம் போட்டாலும், கணினியில் ஓடும் இயங்குதளம் தன் எல்லைக்கு மேல் அதைத் தொடாது.

நம் அங்கத்தினர் ஒருவர் விண்டோஸ் எக்ஸ்பி ஓடும் தம் கணினியில் 4 ஜிகாபைட் ரேம் இரண்டு வாங்கிப் போட்டார். ஆக 8. கணினி காட்டியதோ 3.25. விற்றவர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்கே போய்விட்டார். ரேமில் ஒரு குறையும் இல்லை.

இதைக் கிட்டங்கிக் கணக்காகப் பார்த்தால் எளிதில் விளங்கும். கிட்டங்கியில் ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் எண் இருந்தால்தான் கணக்கப்பிள்ளை மூட்டையைத் தேடி எடுப்பார். பேரேட்டில் எண் எழுத இரண்டே கட்டம் இருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். 00 முதல் 99 வரை நூறு இடங்களுக்குத்தான் எண் போட முடியும். நூற்றோராவது இடத்தில் தங்கமே கிடந்தாலும் கணக்கில் அது இல்லை. கணினி எண் எழுதுவது 0, 1 என்ற இரண்டே இலக்கங்களால். 32 பிட் இயங்குதளத்துக்கு அத்தகைய கட்டங்கள் 32 உண்டு. அவற்றைக் கொண்டு 4,294,967,296 இடங்களுக்கு எண் போடலாம். இடத்துக்கு ஒரு பைட் வீதம், அதுதான் 4 ஜிகாபைட்.

அப்படியானால் 4 முழுதாகக் காட்ட வேண்டாமா என்று கேட்பீர்கள். திரைக்குப் படம் அனுப்பும் வீடியோ கார்டு முதலிய உறுப்புகளுக்கும் அதே பேரேட்டிலிருந்துதான் எண் ஒதுக்க வேண்டியிருக்கிறது. கிட்டங்கி வாசலுக்கும் தராசுக்கும் எண் போட்டது போக மிஞ்சியதே மூட்டைக்கு. ஆகவே பெரும்பாலும் 3-க்கும் 3.5-க்கும் இடையில், கணினிக்குக் கணினி அளவு மாறும்.

இந்தத் தொல்லை எக்ஸ்பியோடு பிறந்ததன்று. 1981-ல் ஐபிஎம் கம்பெனி வெளியிட்ட கணினிக்கு 20 கட்டங்களே இருந்தன. மொத்தம் 1 மெகாபைட். அதிலும் டாஸ் புரோகிராம்களுக்குக் கிடைத்தது 640 கிலோபைட். மேலேயுள்ள 384 கிலோபைட் திரை முதலியவற்றுக்கு ஒதுக்கப்பட்டது. கணக்குத் தாள்கள் பெருகப் பெருக அது போதவில்லை. 1985-ல் லோட்டஸ், இன்டெல், மைக்ரோசாப்ட் மூன்று கம்பெனிகளும் கூடி ஓர் உபாயம் கண்டன. ஒதுக்கிய பகுதியில் 64 கிலோபைட்டுக்கு ஒரு ஜன்னல் வைத்து, அதன் வழியே கூடுதல் நினைவகத்தைத் துண்டு துண்டாக மாற்றிப் பார்ப்பது. சிறிய கடையின் அலமாரியில் கிட்டங்கிச் சரக்கை முறைவைத்துக் கொண்டுவந்து அடுக்குகிறோமே, அதே வேலைதான்.

விண்டோஸ் 95, 98 செய்தது இன்னும் வேடிக்கை. 512 மெகாபைட்டுக்கு மேல் ரேம் போட்டால், நினைவகம் போதவில்லை என்று சில சமயம் முறையிடும்! வட்டிலிருந்து எடுத்ததைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் பகுதி, ரேமின் அளவைப் பார்த்துத் தானும் பெருத்து, எண்களை எல்லாம் பிடித்துக்கொண்டதே காரணம்.

2009-ல் வந்த விண்டோஸ் 7-இன் 64 பிட் பதிப்புகளிலோ கட்டங்களுக்குப் பஞ்சமில்லை. எனினும் ஹோம் பேசிக் 8 ஜிகாபைட்டோடும், ஹோம் பிரீமியம் 16-ஓடும் நின்றுவிடும். புரொபஷனல் 192 வரை போகும். இது விலை பார்த்துப் போட்ட வேலி. ஒரு சரக்கைப் பல தரமாக்கி விற்கும் வித்தையை வியாபாரிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சரி, 64 பிட்டுக்கு மாறிவிட்டால் தீர்ந்ததா? இங்கேதான் ஜாக்கிரதை வேண்டும். டாஸ் காலத்துக் கணக்குப் புரோகிராம்கள் 64 பிட் விண்டோஸில் அப்படியே ஓடமாட்டா. பழைய பிரிண்டருக்கும் 64 பிட்டுக்கான டிரைவர் கிடைத்தால்தான் பில் அச்சாகும். விண்டோஸ் 10 வரை 32 பிட் பதிப்பு இருந்தது. அதற்கான பொது ஆதரவு 14-10-2025-ல் முடிந்தது. விண்டோஸ் 11-க்கு 32 பிட் பதிப்பே கிடையாது. ரேமுக்காக மாறப்போய், இருபது வருஷத்துப் பற்று வரவைத் திறக்க வழியில்லாமல் நிற்பது எத்தனை வெள்ளி நஷ்டமென்று நாமே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். பாக்கிக்காரர் நினைவில் அது இராது!

ஆகவே ரேம் வாங்குமுன் கம்ப்யூட்டரின் ‘ப்ராப்பர்ட்டீஸ்’ பக்கத்தைத் திறந்து 32 பிட்டா, 64 பிட்டா என்று பார்ப்பது அவசியம். மதர்போர்டு எவ்வளவு ஏற்குமென்றும் விசாரிக்க வேண்டும். அதற்கும் தனி எல்லை உண்டு. 32 பிட் என்றால் 4-க்கு மேல் வாங்குவது வீண். பழைய புரோகிராமை விட முடியாதவர்கள் அந்தக் கணினியை இணையத்திலிருந்து பிரித்து, கணக்குக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். எக்ஸ்பிக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2014 ஏப்ரலோடு நின்றுவிட்டன. மாறத்தான் வேண்டுமென்பவர்கள் முதலில் பேரேடு முழுவதையும் அச்செடுத்து, புதிய புரோகிராமிலும் ஏற்றி, இரண்டு மாதக் கணக்கை ஒத்துப் பார்த்த பிறகே பழைய வட்டை அழிக்கச் சொல்ல வேண்டும்.