செம்பனைத் தோட்டமும் தரைமட்ட ஓசோனும்



மரம் நட்டால் காற்று சுத்தமாகும் என்று சின்ன வயசிலிருந்தே கேட்டு வளர்ந்தோம். அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. கூலாய், குளுவாங், சிகாமட் என்று எங்கே போனாலும் செம்பனை நிற்கிற நம்ம ஜொகூரில் மீதிப் பாதியையும் தெரிஞ்சுக்கணும்.

மேலே கவசம், கீழே நஞ்சு

வானில் ஏறக்குறைய 15 முதல் 35 கிலோமீட்டர் உயரத்தில் உள்ள ஓசோன் புற ஊதாக் கதிரைத் தடுத்து நம்மைக் காக்கிறது. அதே வாயு நாம் மூச்சு விடும் காற்றில் கூடினால் நுரையீரலைப் பாதிக்கும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ரொம்பச் சிரமம். பயிர் விளைச்சலும் குறையும். தரைமட்ட ஓசோன் பெரும்பாலும் புகைபோக்கியிலிருந்து நேராக வருவதில்லை. காற்றிலேயே உருவாகிறது.

அதற்கு மூன்று வேண்டும்

1. ஆவியாகும் கரிமப் பொருள்: செம்பனை இலை பகலில் ஐசோப்ரீன் என்ற ஆவியை விடுகிறது. சூடு ஏற ஏற அதுவும் கூடும். நம்ம தாத்தா பாட்டி மரம் வெட்டி எடுத்த ரப்பரும் ஐசோப்ரீன் கண்ணிகள் கோத்த சங்கிலிதான்!

2. நைட்ரஜன் ஆக்சைடு: இது வாகனத்திலும் தொழிற்சாலையிலும் இருந்து வரும். மண்ணிலிருந்தும் வரும். பயிர் எடுத்தது போக மிஞ்சிய உரத்தை மண்ணின் நுண்ணுயிர்கள் மாற்றும்போது நைட்ரிக் ஆக்சைடு வெளியேறுகிறது.

3. வெயில்: இது நைட்ரஜன் டைஆக்சைடை உடைக்கும். பிரிந்த ஆக்சிஜன் அணு காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து ஓசோன் ஆகும். வழக்கமாக நைட்ரிக் ஆக்சைடு அந்த ஓசோனைத் திரும்ப அழித்துவிடும். ஐசோப்ரீன் இருந்தால், அதிலிருந்து உருவாகும் பொருள்கள் நைட்ரிக் ஆக்சைடை முந்திக்கொண்டு மாற்றிவிடும். ஓசோன் சேர ஆரம்பிக்கும்.

சபாவில் அளந்தார்கள்

2008-இல் பிரிட்டன் விஞ்ஞானிகள் தலைமையில் ஓர் ஆய்வுக்குழு சபாவின் மழைக்காட்டிலும் செம்பனைத் தோட்டத்திலும் காற்றை அளந்தது. முடிவு 2009-இல் வெளியானது. காட்டைவிடத் தோட்டம் பல மடங்கு ஐசோப்ரீன் விட்டது. நைட்ரஜன் ஆக்சைடும் தோட்டத்தில் அதிகம். ஆனாலும் அப்போது இரண்டு இடத்திலும் ஓசோன் கிட்டத்தட்ட ஒரே அளவுதான். எச்சரிக்கை இங்கேதான்: நைட்ரஜன் ஆக்சைடு ஐரோப்பிய, வட அமெரிக்க கிராமப்புற அளவுக்கு ஏறினால், ஓசோன் நூறு கோடியில் 100 பங்கைத் தொடும் என்று அவர்களின் கணிப்பு சொன்னது. அது ஒரு கன மீட்டருக்கு சுமார் 200 மைக்ரோகிராம். மலேசியாவின் 2020 தர வரம்பு, 8 மணி நேர சராசரிக்கு 100 மட்டுமே.

ஜொகூரில் இலையும் வெயிலும் எப்போதும் தயார். வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையும் பாசிர் கூடாங் தொழிற்பேட்டையும் தோட்டங்களுக்குத் தூரமில்லை. ஆக, நம் கையில் இருக்கிற பிடி நைட்ரஜன் ஒன்றுதான்.

நாம் செய்யக்கூடியது

• குடும்பத்தில் செம்பனை நிலம் இருந்தால், மண்ணையும் இலையையும் பரிசோதித்த பிறகு தேவையான உரம் மட்டும் போடச் சொல்லுங்கள். காசும் மிச்சம்.
• சமய வகுப்புக்கு நாலு பேர் நாலு வண்டியில் வராமல் ஒரே காரில் வரலாம்.
• கோயில் துப்புரவில் கூட்டிய சருகை எரிக்காமல் மக்க விடுங்கள்.
• ஓசோன் பொதுவாகப் பிற்பகலில் உச்சத்தில் இருக்கும். விளையாட்டுப் பயிற்சியைக் காலையில் வையுங்கள்.

சூட்டைத் தாங்க ஆவி விடுவது மரத்தின் இயல்பு, அதன் தர்மம். வாயுவைப் பஞ்சபூதங்களில் ஒன்றாக வணங்குகிற நமக்கும் ஒரு தர்மம் உண்டு.

கலந்துரையாட: உங்கள் வட்டாரத்தில் நைட்ரஜன் ஆக்சைடு எங்கிருந்தெல்லாம் வருகிறது? அதில் எதை நம் கிளை குறைக்க முடியும்?