எச்1 எத்தனை? நெய்யாற்றின்கரைத் தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

ஓர் இணையப் பக்கத்தில் எச்1 என்னும் முதல்நிலைத் தலைப்புக் குறிச்சொல் ஒன்றுதான் இருக்க வேண்டுமா, இரண்டு வைத்துவிட்டால் கூகுள் அப்பக்கத்தைப் பின்னுக்குத் தள்ளிவிடுமா என்று தம்பி கேட்டிருக்கும் கேள்வி எண்ணிக்கையைப் பற்றியதுபோலத் தோன்றினாலும், தலைப்பு என்பது தேடுபொறியின் கண்ணில் படுவதற்காகவே உள்ளது என்னும் தவறான நம்பிக்கை அதன் அடியில் கிடக்கிறது. எண்ணிக்கைக்கான விடை மிக எளியது. ஒரு பக்கத்துக்கு இத்தனை தலைப்புகள் என்ற கணக்கு எதுவும் இல்லை என்றும், அவை வரிசை மாறி நின்றாலும் தேடலைப் பொறுத்தவரை பாதகமில்லை என்றும் தொடக்கநிலையாளருக்கான தன் வழிகாட்டியில் கூகுளே எழுதி வைத்திருக்கிறது. அப்படியானால் தலைப்புக் குறிச்சொல்லைச் சரியாக இடுவது எதற்கு என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

நெய்யாற்றின்கரை வட்டத்திலேயே உள்ள பலராமபுரம் கைத்தறியைப் பற்றி ஒரு பக்கம் எழுதப்படுவதாகக் கொள்ளலாம். 1798 முதல் 1810 வரை ஆண்ட பலராம வர்மா காலத்தில் தமிழ்ப் பகுதியிலிருந்து வரவழைக்கப்பட்ட சாலியர் குடும்பங்களின் வரலாறு, நெசவு முறை, விற்பனைக்குள்ள சேலையும் வேட்டியும் என மூன்று செய்திகள் அதில் இருக்குமாயின், 'பலராமபுரம் கைத்தறி' என்பது எச்1 ஆகவும், அம்மூன்றும் எச்2 ஆகவும், நெசவு முறைக்குள் அடங்கும் பாவு ஓட்டுதல், தெருவில் பாவை நீளமாக இழுத்துக் கட்டிக் கஞ்சி போடுதல், குழித்தறியில் நெய்தல் ஆகியவை எச்3 ஆகவும் அமையும். கஞ்சி போடுவது நெசவின் ஒரு படியே தவிர, சாலியர் வருகைக்கு இணையான தனிச் செய்தி அன்று என்பதை அந்த எண் ஒன்றே சொல்லிவிடுகிறது. எழுத்து பெரிதாகத் தெரிய வேண்டும் என்பதற்காக ஒரு வரியை எச்2-க்குள் அடைப்பதும், தலைப்பாக நிற்க வேண்டிய வரியை வெறுமனே தடித்த எழுத்தாக்கிவிட்டு நகர்வதும் பொறுக்கத் தகாத பழக்கங்கள். எழுத்தின் அளவைக் கவனிக்க சிஎஸ்எஸ் என்னும் வடிவமைப்பு மொழி இருக்கிறது.

ஆறு நிலைத் தலைப்புகள் 1995-இல் வெளிவந்த எச்டிஎம்எல் 2.0 வரையறையிலேயே உள்ளன. எச்1-இலிருந்து எச்3-க்குத் தாவுவது விரும்பத்தக்கதன்று என்பதும் அதிலேயே உண்டு. ஆனால் பொருளை அடுக்கடுக்காகப் பகுத்துப் பெயரிடும் சிந்தனை கணினியோடு பிறந்தது அன்று. தொல்காப்பியச் செய்யுளியல் நூலின் உறுப்புகளைக் கூறுமிடத்தில் சூத்திரம், ஓத்து, படலம், பிண்டம் என நான்கைச் சொல்கிறது. ஒரு பொருளைச் சுட்டுவது சூத்திரம். ஓரினமானவற்றை ஒருங்கே வைப்பது ஓத்து. பல ஓத்துகளைப் பொதுமையால் அணைப்பது படலம். இம்மூன்றையும் தன்னுள் அடக்கிய முழுமை பிண்டம். இந்த இலக்கணத்துக்குத் தொல்காப்பியமே எடுத்துக்காட்டாகவும் நிற்கிறது. முழுநூல் பிண்டம்; எழுத்து, சொல், பொருள் என்னும் மூன்று அதிகாரங்கள் படலம்; அதிகாரத்துக்கு ஒன்பதாக வரும் இருபத்தேழு இயல்கள் ஓத்து; இயலுக்குள் வரும் நூற்பாக்கள் சூத்திரம். எழுத்துகள் வாயில் எங்கே பிறக்கின்றன என்று தேடுபவர் எழுத்ததிகாரத்தின் பிறப்பியலுக்கும், உவமையைத் தேடுபவர் பொருளதிகாரத்தின் உவமவியலுக்கும் நேரே சென்றுவிடலாம். பிண்டத்தை எச்1 என்றும், படலத்தை எச்2 என்றும், ஓத்தை எச்3 என்றும், சூத்திரத்தைப் பத்தி என்றும் கொண்டால், தம்பிக்கு எஸ்இஓ என்னும் தேடுபொறி உகப்பாக்கத்துக்கு வேறு எந்தக் கையேடும் தேவைப்படாது. பிற்காலத்திலும் இத்தகைய பகுப்பைக் காணலாம்: திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் தத்துவப் பேராசிரியராக இருந்த பெ. சுந்தரம் பிள்ளை 1891-இல் வெளியிட்ட மனோன்மணீயம் என்னும் நாடகத்தை ஐந்து அங்கங்களாகவும் இருபது களங்களாகவும் அமைத்ததோடு, அறிவுத்துறைகளையே வகை பிரித்துக் காட்டும் 'நூற்றொகை விளக்கம்' என்னும் நூலையும் எழுதினார். அவரை நாடக ஆசிரியராக மட்டும் அறிந்து நிறுத்திவிடுவது பெரும் இழப்பு. பகுத்து எழுதும் பயிற்சிக்கு அவர் உரைநடையும் ஒருமுறை படிக்கத்தக்கது.

தலைப்பின் உண்மையான பயன் பார்வையற்ற வாசகரிடத்தில்தான் முழுமையாக விளங்கும். திரையில் உள்ளதைக் குரலாக்கிப் படிக்கும் மென்பொருளுக்குத் திரைவாசிப்பான் என்று பெயர். இலவசமாகக் கிடைக்கும் என்விடிஏ திரைவாசிப்பானில் விசைப்பலகையின் எச் விசையைத் தட்டினால் அடுத்த தலைப்புக்கும், 2 என்னும் எண்ணைத் தட்டினால் அடுத்த எச்2-க்கும் குரல் தாவும். பலராமபுரம் பக்கத்தில் சேலையை மட்டும் அறிய விரும்புபவர் சாலியர் வரலாறு முழுவதையும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். தடித்த எழுத்தால் மட்டும் காட்டப்பட்ட தலைப்போ அவர் விசைக்கு அகப்படுவதேயில்லை. வரிசை மாறினால் தேடுபொறிக்குப் பாதகமில்லை என்பதைச் சாக்காகக் கொண்டு நிலைகளைக் கலைத்துப் போடுபவர் இந்த வாசகரை மறந்துவிடுகிறார்.

தேடுபொறிக்கும் பயன் இல்லாமல் இல்லை. தேடல் முடிவில் நீலநிறத்தில் தோன்றும் பக்கத் தலைப்பு, பக்கத்தின் டைட்டில் குறிச்சொல்லிலிருந்து மட்டும் எடுக்கப்படுவதில்லை. அது வெறுமையாகவோ பொருந்தாமலோ இருந்தால் எச்1 போன்ற தலைப்புகளிலிருந்தும் கூகுள் எடுத்துக்கொள்கிறது. ஆகவே எச்1-இல் 'நல்வரவு' என்று மட்டும் எழுதி வைப்பது கிடைத்த வாய்ப்பை வீணாக்குவதாகும். இதற்கு நேர்மாறான பிழை, 'பாறசாலையில் கைத்தறி', 'இஞ்சிவிளையில் கைத்தறி', 'களியக்காவிளையில் கைத்தறி', 'அமரவிளையில் கைத்தறி' என்று எல்லைப்புறத்து ஊர்ப்பெயர்களையெல்லாம் தலைப்பாக்கி, அவற்றின்கீழ் ஒரே பத்தியைத் திரும்பத் திரும்ப ஒட்டுவது. இடம் பிடிப்பதற்காக ஊர்ப்பெயர்களை அடுக்குவதைத் திறவுச்சொல் திணிப்பு என்று கூகுளின் எரிதக் (ஸ்பேம்) கொள்கை பெயர் சொல்லியே விலக்குகிறது. களியக்காவிளைக்குத் தனித் தலைப்பு வேண்டுமானால், அவ்வூரைப் பற்றிச் சொல்லத் தனிச் செய்தி இருக்க வேண்டும்.

இருமொழி வழங்கும் வட்டாரமாதலால், தமிழ்த் தலைப்பின்கீழ் மலையாளப் பத்தியும் மலையாளத் தலைப்பின்கீழ் தமிழ்ப் பத்தியுமாகத் தம்பியின் பக்கம் கலந்து கிடப்பது இயல்பே என்றாலும், அதைத் திருத்துவது நல்லது. ஒவ்வொரு மொழிக்கும் தனி முகவரி கொடுத்து, இரண்டையும் எச்ரெஃப்லாங் என்னும் இணைப்புக் குறிப்பால் பிணைத்தால், தேடுபொறி உரிய வாசகருக்கு உரிய பக்கத்தைக் காட்டும். பக்கத்தின் மொழி இன்னது என்று லாங் பண்புக்கூறில் குறித்தால், திரைவாசிப்பானும் தமிழைத் தமிழ்க் குரலில் படிக்க வழி பிறக்கும். அடுத்த மடலோடு, பத்திகளை நீக்கித் தலைப்புகளை மட்டும் நிலைவாரியாக எழுதிய ஒரு தாளைத் தம்பி அனுப்பி வைத்தால் போதுமானது.

அன்புடன்,
ஆசிரியர்