தேர்வு நேரத்தில் பஸ் நின்றுவிட்டால்?

கேள்வி: ப்ளஸ் டூ தேர்வு நெருங்குகிறது. பஸ் ஸ்டிரைக் வரும் என்கிறார்கள். எங்கள் ஊருக்குக் காலையில் ஒரே டவுன் பஸ்தான். பயத்தில் படிப்பே ஓடவில்லை. என்ன செய்வது?
– ஒரு மாணவி, பெரம்பலூர் மாவட்டம்

பதில்: உங்கள் பயம் நியாயமானதுதான். அரசுப் போக்குவரத்துத் தொழிலாளர்களின் ஊதியப் பேச்சு முறிந்து, 2018 ஜனவரி 4 அன்று மாலை தொடங்கிய ஸ்டிரைக் 11-ம் தேதி வரை நீடித்தது. ஆனால், எல்லாமே அப்படி நீள்வதில்லை. 2024 ஜனவரியில் தொடங்கியது, உயர் நீதிமன்றம் தலையிட்டதும் இரண்டாம் நாளே தள்ளிவைக்கப்பட்டது. ஸ்டிரைக் நாட்களில் தற்காலிக ஓட்டுநர்களை வைத்தும் பஸ்களை ஓட்டுகிறார்கள்.

எனவே, செய்திக்காகக் காத்திருக்காமல் இன்றே ஏற்பாட்டில் இறங்குங்கள். உங்கள் தேர்வு மையத்துக்கே போகும் பிள்ளைகளாகச் சேர்ந்து ஒரு வேன் பேசி வையுங்கள். பக்கத்தில் உறவினர் வீடு இருந்தால் முதல் நாளே போய்த் தங்குங்கள். பஸ் இல்லாத ஊர்களின் பெயர்களைத் தலைமையாசிரியரிடம் எழுதிக் கொடுங்கள். தெரிந்தால்தான் உதவ முடியும். 10 மணித் தேர்வுக்கு 9 மணிக்கே போய்ச் சேருமாறு திட்டமிடுங்கள். ஒருவேளை எழுத முடியாமல் போனாலும் துணைத்தேர்வு இருக்கிறது; ஆண்டு வீணாகாது.

தொழிலாளர் கோரிக்கைகளும் நியாயமானவையே. அரசும் சங்கங்களும் தேர்வு அட்டவணையை முன்னால் வைத்துக்கொண்டு பேச வேண்டும்.