படுக்கைப்புண் வராம இருக்க, உப்பளத்து வீடுகளுக்கு அக்கா சொல்றது

தங்கச்சி, கேன்சர்ல மாமியாரோ அப்பாவோ படுத்த படுக்கையாயிட்டா எல்லாரும் மருந்துச் சீட்டைத்தான் முதல்ல பார்ப்பாங்க. நான் முதல்ல கேக்கறது வேற. விடியறதுக்கு முன்னாடி நீயும் உன் வீட்டுக்காரரும் உப்பு வாரப் போயிட்டா, திரும்பி வர்ற வரைக்கும் அவங்களைப் புரட்டிப் படுக்க வைக்க யார் இருக்கா?

கேன்சர்ல சதை கரைஞ்சு எலும்பு துருத்திக்கும், வலிக்குப் பயந்து அசையவே மாட்டாங்க. அது எல்லா வீட்டுக்கும் பொது. ஒரு நாள் கூலி போனா அடுப்பு எரியாதுங்கிற வீட்ல, ஒரே பக்கமா பல மணி நேரம் கிடக்கிறாங்க பாரு, அங்கதான் புண் சீக்கிரம் வருது. இதுல உன் குத்தம் எதுவும் இல்ல. ஆனா மருந்து வேளையை எழுதி வைக்கிற மாதிரி ஆள் வேளையையும் எழுதி வெச்சிடு.

2 மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டணும். நீ கிளம்பறப்போ இடப்பக்கம். 6 மணிக்குப் பெரிய பிள்ளை மல்லாக்க. 8 மணிக்குப் பக்கத்து வீட்டு அத்தை வலப்பக்கம். பழைய காலண்டர் தாள் பின்னாடி எழுதி சுவத்துல ஒட்டு. அத்தை தயங்கினா, கேன்சர் தொட்டா ஒட்டிக்காதுன்னு நீயே வாய்விட்டுச் சொல்லிடு. பல பேர் கேக்க வெட்கப்பட்டு ஒதுங்கி நிப்பாங்க.

முழுசா ஒருக்களிக்க வேண்டாம். முதுகுக்குப் பின்னாடி தலையணை வெச்சு 30 டிகிரி சாய்ச்சா போதும். கெண்டைக்காலுக்குக் கீழ மடிச்ச துணி வெச்சு, குதிகால் பாயில படாம தூக்கி வை. இழுத்து நகர்த்தாதே, தோல் உரிஞ்சிடும். இடுப்புக்கு அடியில பருத்திப் புடவையை நாலா மடிச்சுப் போட்டு, ரெண்டு பேரா பிடிச்சுத் தூக்குங்க. ரப்பர் வளையம், தண்ணி நிரப்பின கையுறை எதுவும் வேண்டாம். சுத்தி இருக்கிற இடத்தைத்தான் அது அழுத்தும்.

புத்தகத்துல தோல் சிவக்கும்னு போட்டிருப்பாங்க. நம்ம நிறத்துல சிவப்பு தெரியாது. இடுப்படி எலும்பு, இடுப்புப் பக்கம், குதிகால், தோள்பட்டை, காது எல்லாத்தையும் பகல் வெளிச்சத்துல தினம் பாரு, தொட்டும் பாரு. சுத்துத் தோலைவிடக் கருத்து, சூடா, கெட்டியா இருந்தா அதுதான் ஆரம்பம். அங்க எண்ணெய் போட்டுத் தேய்க்காதே. அந்தப் பக்கம் படுக்க வைக்கிறதை நிறுத்து.

ஒண்ணு மட்டும் அழுத்திச் சொல்றேன். மகன்கிட்ட பெட் பேன் கேக்கக் கூசி, பல அம்மாக்கள் தண்ணியே குடிக்க மாட்டாங்க. நனைஞ்சாலும் சொல்லாமக் கிடப்பாங்க. ஈரத்துல ஊறின தோல் சீக்கிரம் பிஞ்சிடும். அதுக்குன்னு ஒரு பொம்பளை ஆளை முன்னாடியே பேசி வை. கழுவி ஒத்தி எடுத்து, லேசா வாசலின் தடவு. ரேடியேஷன் கொடுத்த இடத்துல மட்டும் டாக்டரைக் கேக்காம எதுவும் தடவாதே.

முட்டை, பருப்பு, முள்ளெடுத்து மசிச்ச மீன், எது இறங்குதோ அதைக் கொஞ்சம் கொஞ்சமா அடிக்கடி கொடு. பாத்தி உப்பைக் கரைச்சுப் புண்ணைக் கழுவற பழக்கம் வேண்டாம். கொதிச்சு ஆறின அரை லிட்டர் தண்ணியில ஒரு டீஸ்பூன் பாக்கெட் உப்பு போதும், அன்னன்னைக்குப் புதுசா.

2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்ச ‘மக்களைத் தேடி மருத்துவம்’ல வலி நிவாரணப் பராமரிப்பும் வீட்டுக்கு வரும். ஆரம்ப சுகாதார நிலையத்துல பேர் கொடு. மழைக்காலத்துல உப்பளம் மூடினதும் அரசு கொடுக்கிற 5,000 ரூபாய் நிவாரணத்துல ஏர் பெட் வாங்க நினைச்சா, அதுக்கு மோட்டார் ஓடணும், கரண்ட் போனா இறங்கிடும்கிறதை யோசி. ஏர் பெட் இருந்தாலும் புரட்டறது நிக்கக் கூடாது.

புண் கருத்துப் போனா, நாத்தம், சீழ், காய்ச்சல் வந்தா வீட்ல வெச்சுப் பார்க்காதே. திடீர்னு கால் மரத்தாலோ, சிறுநீர் அடைச்சாலோ முதுகுத்தண்டைக் கட்டி அழுத்துதான்னு பார்க்கணும். அன்னைக்கே புதுச்சேரி ஜிப்மருக்கோ, கிட்ட இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்கோ கூட்டிட்டுப் போயிடு. நாளைக்குப் போகலாம்னா கால் திரும்ப வராமப் போகலாம்.