கொம்பின் கணக்கு

நுழையும்முன்

வட அமெரிக்காவில் அழிந்துகொண்டிருந்த விலங்குகளைப் பற்றிய பதிவாகத் தொடங்கிய ஓர் அளவுமுறை, பின்னாளில் போட்டிக்கும் பரிசுக்கும் அடிப்படையாயிற்று. நீதிமன்றம் விதிக்கும் இழப்பீட்டிற்கும் அதுவே அளவுகோலாயிற்று. மான்கொம்பை அளக்கும் அம்முறையின் வரலாற்றை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

ஆண்டுதோறும் முளைக்கும் எலும்பு

தமிழில் ஆட்டுக்கும் மாட்டுக்கும் மானுக்கும் ‘கொம்பு’ என்னும் ஒரே சொல் வழங்குகிறது. உயிரியல் நோக்கில் இவையனைத்தும் ஒன்றல்ல. மாட்டின் கொம்பு, எலும்பின்மீது நகம்போன்ற பொருள் உறையாகப் படர்ந்து உருவாவது, அது உதிர்வதில்லை. வட அமெரிக்காவில் வாழும் வெண்வால் மானின் கொம்போ முழுவதும் எலும்பு, ஆண்மானுக்கே உரியது. இளவேனிலில் அது முளைக்கிறது. மென்மயிர் போர்த்த தோலுக்குள் குருதியோட்டம் பெற்று வளர்கிறது. இலையுதிர்காலத் தொடக்கத்தில் அத்தோலை மான் மரங்களில் உரசிக் களைகிறது. இனப்பெருக்கப் பருவம் கடந்து குளிர்காலம் முடியும்போது கொம்பு தானே விழுந்துவிடுகிறது. மறு ஆண்டு யாவும் முதலிலிருந்து தொடங்கும்.

சில மாதங்களில் இத்தனை எலும்பை உருவாக்க உண்ணும் உணவு மட்டும் போதுவதில்லை. மான் தன் விலா எலும்புகளிலிருந்தே சுண்ணாம்புச் சத்தை எடுத்துக் கொம்புக்கு அளித்து, பின்னர் மேய்ந்து அக்குறையை ஈடுசெய்கிறது. ஆகவே பெரிய கொம்பு என்பது மானின் முதிர்ந்த வயது, அது மேய்ந்த நிலத்தின் வளம், அதன் மரபுவழி ஆகியவை ஒருங்கே பதிந்த சான்று. கொம்பை அளந்து பதியத் துணிந்தோர் நம்பியதும் இச்சான்றையே.

அழிவின் விளிம்பில் பிறந்த அளவுகோல்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்கக் காடுகளின் நிலை இரங்கத்தக்கதாக இருந்தது. இறைச்சிக்கும் தோலுக்கும் சந்தை இருந்தது. வேட்டைக்கு வரம்பு இல்லை. கோடிக்கணக்கில் திரிந்த காட்டெருமைகள் சில நூறாகச் சுருங்கின. வெண்வால் மான்களும் பல மாநிலங்களில் அரிதாயின. இந்நிலையில் 1887ஆம் ஆண்டு தியோடர் ரூஸ்வெல்ட், ஜார்ஜ் பேர்ட் கிரின்னல் முதலியோர் ‘பூன் அண்ட் கிராக்கெட்’ சங்கத்தை நிறுவினர். அதன் உறுப்பினர் வேட்டைக்காரர்களே. வேட்டையாடியவர்களே விலங்கைக் காக்க முன்வந்தது முரணாகத் தோன்றலாம். விலங்கு இல்லையேல் வேட்டையும் இல்லை என்பதை முதலில் உணர்ந்தவர்கள் அவர்களாக இருந்ததில் வியப்பில்லை. 1894ஆம் ஆண்டு எல்லோஸ்டோன் பூங்காவின் விலங்குகளைக் காக்கும் சட்டம் நிறைவேற இச்சங்கம் துணைநின்றது.

ஆயினும், எல்லா விலங்குகளையும் காக்க இயலும் என்னும் நம்பிக்கை அக்காலத்தில் பலருக்கு இல்லை. நியூயார்க்கின் பிராங்க்ஸ் விலங்குப் பூங்காவின் இயக்குநர் வில்லியம் ஹார்னடே, மறைந்துவரும் பெருவிலங்குகளின் தலைகளையும் கொம்புகளையும் திரட்டி ஓர் அரங்கம் அமைத்தார். 1922இல் அது திறக்கப்பட்டது. வருந்தலைமுறை இவ்விலங்குகளை உயிரோடு காணாமற்போகலாம் என்னும் அச்சமே அத்தொகுப்புக்குக் காரணம். 1932இல் சங்கம் தன் முதல் பதிவுநூலை வெளியிட்டது. அதில் இருந்த அளவுகள் மிக எளியவை. பல ஆண்டு விவாதத்திற்குப் பின், இன்று வழக்கிலுள்ள விரிவான முறை 1950இல் ஏற்கப்பட்டது.

அளக்கும் முறை

கொம்பை மானிடமிருந்து பெற்றவுடன் அளத்தல் கூடாது. ஈரம் உலர உலர எலும்பு சற்றே சுருங்கும். எனவே அறுபது நாளேனும் இயல்பான அறைவெப்பத்தில் அது உலர வேண்டும். பயிற்சி பெற்ற தன்னார்வ அளவையாளர், கால் அங்குல அகலமுள்ள எஃகு நாடாவைக் கொண்டு, அங்குலத்தின் எட்டில் ஒரு பங்கு வரை துல்லியமாக அளக்கிறார். ஒவ்வொரு கொம்பின் முதன்மைத் தண்டின் நீளம், அதிலிருந்து எழும் கவைகளின் நீளம், தண்டின் நான்கு இடங்களில் சுற்றளவு, இரு தண்டுகளுக்கும் இடைப்பட்ட அகலம் ஆகியவை கணக்கில் சேரும். ஓர் அங்குலம்கூட இல்லாத முனை, கவையாகக் கருதப்படாது.

இவற்றின் கூட்டுத்தொகையே மொத்த மதிப்பெண். சிக்கல் இதன்பின்தான் வருகிறது. ‘இயல்பு வடிவம்’ என்னும் பிரிவில் இடக்கொம்பும் வலக்கொம்பும் ஒத்திருக்க வேண்டும், வேறுபாடு கழிக்கப்படும். வலப்பக்கக் கவை 9 அங்குலமும் அதற்கு இணையான இடப்பக்கக் கவை 7 அங்குலமும் எனக் கொள்வோம். கூட்டினால் 16, வேறுபாடு 2, எஞ்சுவது 14. அதாவது மான் கூடுதலாக வளர்த்த இரண்டு அங்குலம் வளராததற்குச் சமம். இயல்புக்கு மாறாகப் பக்கவாட்டில் முளைத்த கவையின் நிலை இன்னும் பரிதாபம். அதன் நீளம் முழுவதும் கழிக்கப்படும்! சமச்சீரை விரும்புவது மனிதரின் கண். மானுக்கு அதுபற்றிக் கவலை இருந்திருக்க முடியாது. வேட்டைக்காரர் பலருக்கும் இக்கழிவு பிடிப்பதில்லை. நிகரம், வலை ஆகிய இரண்டையும் குறிக்கும் ஆங்கிலச் சொல் ஒன்றே ஆதலால், “நெட் என்பது மீன்பிடிக்க மட்டுமே” என்று அவர்கள் நகைப்பதுண்டு. மாறுபட்ட கொம்புகளுக்கெனத் தனிப்பிரிவு உண்டு. அங்கு இயல்பு மீறிய கவைகளின் நீளம் கூட்டப்படும்.

> தெரியுமா?
> இயல்பு வடிவப் பிரிவில் வெண்வால் மானுக்கான உலகப் பதிவு 213 5/8. அந்த மான் 1993இல் கனடாவின் சஸ்காச்சுவான் மாநிலத்தில் வேட்டையாடப்பட்டது. மாறுபட்ட வடிவப் பிரிவின் பதிவு 333 7/8. அந்த மானை எவரும் வேட்டையாடவில்லை; 1981இல் மிசௌரி மாநிலத்தில் இறந்துகிடந்த நிலையில் அது கண்டெடுக்கப்பட்டது.

இறந்துகிடந்த மானுக்கு முதலிடம் தந்த இவ்விதி கருதத்தக்கது. பதிவு மானுக்கு உரியது, கொன்றவருக்கு உரியதன்று என்பதே தொடக்ககால நோக்கம். வேலியிட்ட இடத்தில் தப்ப வழியின்றி வேட்டையாடப்பட்ட மானைச் சங்கம் பதிவில் சேர்ப்பதும் இல்லை.

எண் விலையான கதை

மதிப்பெண் பிறந்தபின் போட்டியும் பிறந்தது. வேட்டைப் பருவத்தில் சிற்றூர்க் கடைகளும் மன்றங்களும் கொம்பளக்கும் போட்டிகளை நடத்திப் பரிசளிக்கின்றன. பெருங்கொம்பு வேண்டி மான்களைத் தேர்ந்து இனப்பெருக்கம் செய்து, சத்துணவூட்டி, உயர்ந்த வேலிக்குள் வளர்க்கும் பண்ணைகள் தோன்றின. அங்குக் கொம்பின் அங்குலத்திற்கேற்ப வேட்டைக் கட்டணம் உயரும். கொம்பு நிலத்தின் வளத்திற்குச் சான்று என்னும் கருத்துக்கு அங்கே பொருளில்லை. அது தீவனத்திற்கே சான்று. 1967இல் கொலராடோவில் அடைத்து வளர்த்த மான்களிடையே முதலில் அறியப்பட்ட, மூளையைச் சிதைக்கும் நலிவுநோய் இன்று பல மாநிலங்களில் பரவியுள்ளது. வளர்ப்பு மான்களை இடம்விட்டு இடம் கொண்டுசெல்வது அந்நோய் பரவும் வழிகளுள் ஒன்று.

திருட்டு வேட்டையும் இவ்வெண்ணைத் தேடியே நடக்கிறது. அதைத் தடுக்க ஒகையோ மாநிலம் அதே எண்ணைக் கையில் எடுத்தது. 125 அங்குலத்திற்கு மேற்பட்ட கொம்புடைய மானைச் சட்டத்திற்குப் புறம்பாகக் கொன்றவர், மொத்த மதிப்பெண்ணிலிருந்து 100ஐக் கழித்து, எஞ்சியதை வர்க்கமாக்கி, 1.65ஆல் பெருக்கி வரும் டாலரை மாநிலத்திற்கு இழப்பீடாகச் செலுத்த வேண்டும். 150 அங்குல மானுக்கு 4,125 டாலர். 200 அங்குல மானுக்கு 16,500 டாலர். இக்கணக்கில் இடவல வேறுபாடு கழிக்கப்படுவதில்லை. போட்டி மேசையில் வளராததற்குச் சமமாக்கப்பட்ட அந்த இரண்டு அங்குலமும் நீதிமன்றத்தில் எண்ணப்படுகிறது.