ஓய்வூதியம்: சொல்லும் பொருளும்

முன்னுரை

கல்வி முடித்துப் பணியில் அமரும் இளைஞர், முதல் மாதச் சம்பளப் பட்டியலைக் கையில் வாங்கியதும் அதன் கடைசி வரியையே முதலில் நோக்குகின்றார். கைக்கு வரும் தொகை எவ்வளவு என்பதே அவர்தம் கவலை. அதற்கு மேலுள்ள பிடித்தங்கள் எவை, அவை எங்கே செல்கின்றன, முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து அவை எவ்வாறு திரும்பி வரும் என்பனவற்றை ஆராய்வோர் மிகச் சிலரே. தமிழிலக்கியம் பயில்வார்க்கு இது புறம்பான செய்தி எனத் தோன்றலாம். ஆயின், பொருட்பாலுக்கு மட்டும் 70 அதிகாரங்களை வகுத்த நூலைப் பாடமாகப் பயில்வோர் இதனைப் புறம்பானது என்று தள்ளுதல் இயலாது. முதுமைக்கான சேமிப்பு, அதனைக் குறைக்கும் கட்டணங்கள், அதனைக் காக்கும் வங்கி நடைமுறைகள் ஆகியவற்றை எளிய கணக்குகளின் துணைகொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லின் பொருள்

'ஊதியம்' என்னும் சொல் இன்று வேலைக்குரிய சம்பளத்தைக் குறிக்கின்றது. திருக்குறளிலோ அது ஆதாயம், பேறு என்னும் பொருளில் வழங்குகின்றது. 'தெரிந்துசெயல்வகை' என்னும் 47ஆம் அதிகாரத்தின் முதற்குறள், ஒரு செயலில் இறங்குமுன் மூன்றனை எண்ணுமாறு பணிக்கின்றது. அச்செயலால் கையைவிட்டுக் கழிவது யாது, உண்டாவது யாது, பின்னாளில் தொடர்ந்து வரும் ஆதாயம் யாது என்பனவே அம்மூன்றும். மூன்றாவதற்கே வள்ளுவர் 'ஊதியம்' என்னும் சொல்லை ஆள்கின்றார். ஆள்வோர்க்கும் வணிகர்க்கும் உரியதாகக் கருதப்படும் இவ்வாராய்ச்சி மாதச் சம்பளக்காரர்க்கும் முற்றிலும் பொருந்துவதாகும்.

இந்நோக்கில், ஓய்வூதியம் என்பது உழைத்த காலத்தின் ஆதாயம் ஓய்ந்த காலத்தில் வந்து சேர்வதே எனலாம். 1982 டிசம்பர் 17 அன்று நகாரா வழக்கில் தீர்ப்பு வழங்கிய உச்ச நீதிமன்றமும், ஓய்வூதியம் பணி வழங்கியவரின் விருப்பப்படி அளிக்கப்படும் கருணைத் தொகையன்று என்றே கூறியது. இதனாலேயே அந்நாள் ஓய்வூதியர் நாளாகக் கொண்டாடப்படுகின்றது.

எனினும், ஓய்வூதியம் எல்லார்க்கும் ஒரே வகையில் வாய்ப்பதில்லை. தமிழக அரசுப் பணியில் 2003 ஏப்ரல் 1 முதலும், மத்திய அரசுப் பணியில் 2004 ஜனவரி 1 முதலும் புதிதாகச் சேர்ந்தோர் பங்களிப்பு முறைக்கு மாற்றப்பட்டனர். சுயநிதிப் பிரிவுகளில் பணியாற்றும் ஆசிரியர்கள், கடைகளிலும் தனியார் நிறுவனங்களிலும் உழைப்போர் ஆகியோரின் முதுமை பெரும்பாலும் அவரவர் சேமிப்பையே நம்பியுள்ளது. நம் மாணவருள் பலர் செல்லவிருப்பதும் இத்தகைய பணிகளுக்கே. ஆகவே வள்ளுவர் வகுத்த மூன்றனையும் ஒவ்வொன்றாகக் காண்போம்.

உண்டாவது: காலத்தின் ஆற்றல்

சேமிப்பைப் பெருக்குவதில் தொகையினும் காலமே பெருந்துணை. இதனை உணர எளிய வழி ஒன்றுண்டு. 72 என்னும் எண்ணை ஆண்டு வளர்ச்சி விழுக்காட்டால் வகுத்தால், பணம் இரு மடங்காவதற்குரிய ஆண்டுகள் ஏறத்தாழக் கிடைக்கும். ஆண்டுக்கு 8 விழுக்காடு வளரும் பணம் 9 ஆண்டுகளில் இரட்டிக்கும். 24 வயதில் சேமித்த ஒரு ரூபாய் 60 வயதிற்குள் நான்கு முறை இரட்டித்து 16 ரூபாயாகும். அதே ரூபாயை 33 வயதில் சேமித்தால் 8 ரூபாயாகும். 42 வயதில் சேமித்தால் 4 ரூபாயே ஆகும்.

மாதந்தோறும் 2,000 ரூபாய் சேமிக்கும் இருவரை எடுத்துக்கொள்வோம். இருவர் பணமும் ஆண்டுக்கு 8 விழுக்காடு வளர்வதாகக் கொள்வோம். 25 வயதில் தொடங்கியவருக்கு 60 வயதில் ஏறக்குறைய 45 இலட்சத்து 90 ஆயிரம் சேரும். 35 வயதில் தொடங்கியவருக்கு ஏறக்குறைய 19 இலட்சமே சேரும். முன்னவர் கூடுதலாகச் செலுத்தியது 2 இலட்சத்து 40 ஆயிரம் மட்டுமே. எஞ்சிய வேறுபாடு முழுவதும் பத்தாண்டுக் காலம் ஈட்டித் தந்ததாகும்.

காலம் உதவுவது போலவே அரிக்கவும் செய்கின்றது. விலைவாசி ஆண்டுக்கு 6 விழுக்காடு உயர்ந்தால், அதே கணக்கின்படி 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை விலைகள் இரட்டிக்கும். 36 ஆண்டுகளில் அவை எட்டு மடங்காகும். இன்று மாதம் 30,000 ரூபாயில் நடக்கும் குடும்பத்திற்கு அன்று 2,40,000 ரூபாய் தேவைப்படும். மேலே 16 மடங்கு வளர்ந்ததாகக் கண்ட பணமும், வாங்கும் ஆற்றலில் இரு மடங்கே வளர்ந்திருக்கும். வீட்டுப் பெட்டியில் வைத்த பணமோ எட்டில் ஒரு பங்காகக் குறைந்திருக்கும். 8 விழுக்காடு, 6 விழுக்காடு என்பன விளக்கத்திற்காகக் கொண்ட எண்களே. எவரும் உறுதியளித்தவை அல்ல.

கழிவது: கட்டணங்கள்

வளர்ச்சி சிறுகச் சிறுகப் பெருகுவது போலவே கட்டணமும் பெருகுகின்றது. இதனை நம்மவர் போதிய அளவு எண்ணிப் பார்ப்பதில்லை. ஆண்டுக்கு ஒரு விழுக்காடு கட்டணம் என்றால், நூற்றில் ஒன்றுதானே என்று விட்டுவிடுகின்றோம். ஒரு இலட்சம் ரூபாய் ஆண்டுக்கு 10 விழுக்காடு வளர்ந்தால் 30 ஆண்டுகளில் ஏறக்குறைய 17 இலட்சத்து 45 ஆயிரமாகும். ஒரு விழுக்காடு கட்டணமாகக் கழிந்து 9 விழுக்காடே வளர்ந்தால் 13 இலட்சத்து 27 ஆயிரமாகும். 4 இலட்சத்திற்கு மேற்பட்ட தொகை, அதாவது சேரவேண்டியதில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு, கட்டணத்தால் கரைந்து போகின்றது.

மியூச்சுவல் ஃபண்ட் எனப்படும் பரஸ்பர நிதிகளில் இவ்வேறுபாட்டை நேரிற் காணலாம். முகவருக்குரிய தரகு சேராத நேரடித் திட்டத்தை ஒவ்வொரு நிதியும் வழங்கவேண்டும் என்னும் விதி 2013 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. ஒரே நிதியின் நேரடித் திட்டத்திற்கும் வழக்கமான திட்டத்திற்கும் உள்ள செலவு விகிதத்தை ஒப்பிட்டு நோக்குதல் நலம். முகவரின் வழிகாட்டுதல் உண்மையில் தேவைப்படுவோர் அதற்குரிய கட்டணத்தைச் செலுத்துவதில் தவறில்லை. செலுத்துகின்றோம் என்பதையே அறியாதிருத்தல்தான் தவறு.

தங்கத்திலும் கட்டணம் உண்டு. அதற்குச் செய்கூலி, சேதாரம் என்று பெயர். ஒரு இலட்சம் ரூபாய்ப் பொன்னுக்குச் செய்கூலியும் சேதாரமும் சேர்ந்து 12 விழுக்காடு எனின் விலை 1,12,000 ஆகின்றது. அதன்மேல் 3 விழுக்காடு சரக்கு, சேவை வரி சேர 1,15,360 ஆகின்றது. விற்கச் செல்லும்போது பொன்னுக்கு மட்டுமே விலை உண்டு. ஆகவே பொன் விலை 15 விழுக்காட்டிற்கு மேல் உயர்ந்த பின்னரே போட்ட முதல் திரும்பும். அணிவதற்கு நகை வாங்குதல் வேறு. முதுமைக்குச் சேமித்தல் வேறு.

வங்கிக் கட்டணங்கள் தனித்தனியே சிறியவை. குறைந்த இருப்பு இல்லாமைக்கும், வரம்பு மீறி ஏ.டி.எம். பயன்படுத்தியதற்கும், குறுஞ்செய்திக்கும், அட்டைக்கும் எனப் பலவாக அவை கழிகின்றன. ஏ.டி.எம்.மில் இலவச வரம்பைக் கடந்த ஒவ்வொரு முறைக்கும் வங்கி பெறக்கூடிய உச்சத்தொகை 2025 மே 1 முதல் 23 ரூபாயாக உயர்த்தப்பட்டது. குறைந்த இருப்பே தேவைப்படாத அடிப்படைச் சேமிப்புக் கணக்கை எல்லா வங்கிகளும் வழங்கவேண்டும் என்று 2012இல் ரிசர்வ் வங்கி ஆணையிட்டது. கேட்டுப் பெறுவோர்க்கே அது கிடைக்கின்றது. குறைந்த இருப்பு இல்லாமைக்கான கட்டணத்தால் மட்டும் கணக்கின் இருப்பு பூச்சியத்திற்குக் கீழே செல்லலாகாது என்பதும் ரிசர்வ் வங்கியின் விதியாகும். ஆண்டுக்கு ஒருமுறையேனும் கணக்குப் புத்தகத்தைப் பதிவிட்டு, கழிவுகளுக்கு அடியில் கோடிட்டுக் கூட்டிப் பார்த்தல் நல்ல பயிற்சியாகும்.

பின்னாளில் வருவது: வருங்கால வைப்பு நிதி

20 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணியாற்றும் நிறுவனங்களில் வருங்கால வைப்பு நிதி பொதுவாகப் பொருந்தும். பணியாளர் அடிப்படைச் சம்பளத்திலும் அகவிலைப்படியிலும் 12 விழுக்காடு செலுத்துகின்றார்; நிறுவனமும் அதற்கு இணையாகச் செலுத்துகின்றது. நிறுவனத்தின் பங்கில் 8.33 விழுக்காடு, சம்பள உச்சவரம்பிற்கு உட்பட்டு, ஓய்வூதியத் திட்டத்திற்குச் செல்கின்றது. 10 ஆண்டுப் பணிக்காலம் நிறைவுற்றால் 58 வயதில் மாத ஓய்வூதியம் உண்டு. ஓய்வூதியத்திற்குரிய சம்பளத்தைப் பணி ஆண்டுகளால் பெருக்கி 70ஆல் வகுத்தால் அத்தொகை கிடைக்கும்.

இங்கேதான் இளம் ஆசிரியர் பலர் இழப்பை அடைகின்றனர். ஒருவர் மூன்று கல்லூரிகளில் நான்கு நான்கு ஆண்டுகள் பணிபுரிந்ததாகக் கொள்வோம். ஒவ்வொரு முறை விலகும்போதும் வைப்பு நிதியையும் ஓய்வூதியப் பங்கையும் எடுத்துச் செலவிட்டால், பன்னிரண்டு ஆண்டுகள் உழைத்தும் ஓய்வூதிய உரிமை அவருக்கு இல்லை. அவ்வாறு எடுக்காமல் கணக்கை அடுத்த நிறுவனத்திற்கு மாற்றிக்கொண்டிருந்தால் பணிக்காலம் 12 ஆண்டுகள் எனக் கணக்கிடப்பட்டிருக்கும். இதற்கென்றே யு.ஏ.என். என்னும் ஒரே நிலையான எண் 2014 முதல் வழங்கப்படுகின்றது. இடையில் வேலையில்லாதோர் திட்டச் சான்றிதழைப் பெற்று, முன்னைய பணிக்காலத்தை இழவாமல் காத்துக்கொள்ளலாம்.

இந்த ஓய்வூதியம் ஒன்றே போதும் என்று கருதவும் இடமில்லை. 2014 செப்டம்பரில் நிறுவப்பட்ட 15,000 ரூபாய் உச்சவரம்பை வைத்துக் கணக்கிட்டால், 12 ஆண்டுப் பணிக்கு மாதம் 2,571 ரூபாயே கிடைக்கும். விலைவாசிக்கேற்ப அது தானாக உயர்வதும் இல்லை. ஆதலின் வைப்பு நிதியைத் தொடாமல் வளரவிடுவதோடு, பொது வருங்கால வைப்பு நிதி, 2009 மே முதல் பொதுமக்கள் யாவர்க்கும் திறந்துவிடப்பட்ட தேசிய ஓய்வூதியத் திட்டம் முதலியவற்றையும் ஆராய்ந்து சேர்தல் வேண்டும்.

வட்டி பற்றிய ஓர் ஐயம்

வட்டியை விலக்கி வாழும் குடும்பங்களில், சேமிப்பே வேண்டாம் என்னும் முடிவிற்குச் சிலர் வந்துவிடுகின்றனர். மார்க்கத் தீர்ப்பைக் கூறுதல் உலமாப் பெருமக்களுக்கு உரியது. அது இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது. ஆயின், வட்டித் தொழிலையும் மதுவையும் சார்ந்த நிறுவனங்களை நீக்கி, பிற நிறுவனங்களின் பங்குகளில் மட்டும் முதலிடும் நிதிகள் இந்தியாவில் உள்ளன. பங்குடைமை என்பது இலாபத்திலும் நட்டத்திலும் ஒருங்கே பங்கேற்பதாகும். ஆகவே அண்மையில் தேவைப்படும் பணத்தை அதில் இடலாகாது. மேலே கூறிய கட்டணக் கணக்கு இவற்றிற்கும் ஒப்பவே பொருந்தும்.

முதலைக் காத்தல்

வரக்கூடிய ஆக்கத்தை நம்பிக் கையிலுள்ள முதலை இழக்கும் செயலை அறிவுடையோர் மேற்கொள்ளார் என்னும் கருத்தும் தெரிந்துசெயல்வகை அதிகாரத்திலேயே உள்ளது. 1960இல் கேரளத்தின் பாலை சென்ட்ரல் வங்கி வீழ்ந்தபின், 1962 ஜனவரி முதல் நம் நாட்டில் வைப்புத்தொகைக் காப்பீடு நடைமுறைக்கு வந்தது. அதன் வரம்பு 2020 பிப்ரவரி 4 முதல் ஒரு வங்கியில் ஒருவருக்கு, வட்டி உட்பட, 5 இலட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. சீட்டு நிறுவனங்களிலும் நிதி நிறுவனங்களிலும் இட்ட பணத்திற்கு இக்காப்பீடு இல்லை. மிகுந்த வட்டியை அறிவிக்கும் எவரிடமும் முதலில் கேட்கவேண்டிய வினா இதுவே.

நியமனதாரர் பெயரைப் பதிதலும் இன்றியமையாதது. 2025 நவம்பர் 1 முதல் ஒரு வங்கிக் கணக்கிற்கு நால்வர் வரை நியமிக்கலாம். நியமனதாரர் வங்கியிலிருந்து பணத்தைப் பெற்றுக்கொள்ளும் உரிமையுடையவரேயன்றி, அதனாலேயே அப்பணத்திற்கு முழு உடைமையாளர் ஆகிவிடுவதில்லை. வாரிசுகளின் உரிமை அவரவர்க்குரிய சட்டப்படி நிலைத்திருக்கும். பத்தாண்டுகள் எவரும் தொடாத வைப்புகள் ரிசர்வ் வங்கியின் தனி நிதிக்கு மாற்றப்படுகின்றன. பின்னரும் அவற்றை உரியவர் கோரிப் பெறலாம். தேடுவதற்கு 'உத்கம்' என்னும் இணையத்தளம் 2023இல் தொடங்கப்பட்டது. கணக்குகள் எங்கெங்கு உள்ளன என்பதை ஒரு தாளில் எழுதி வீட்டில் ஒருவரிடமேனும் கூறிவைத்தால் இத்தேடலுக்கே இடமிராது.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால், சேமிப்பிற்குக் காலம் துணையாகின்றது, கட்டணமும் விலைவாசியும் அதே காலத்தைக்கொண்டு அதனைக் குறைக்கின்றன என்பது புலனாகும். பெருஞ்சம்பளம் பெறுவோர்க்கே ஓய்வுக்காலச் சேமிப்பு என்பது பிழையான எண்ணம். சிறுசம்பளம் பெறுவோர் இழக்கும் நான்கில் ஒரு பங்கு, முதுமையில் மருந்துக்கும் வாடகைக்கும் உரிய பணமாகும். பிள்ளைகளிடம் கைநீட்டாமல் வாழ்வதற்குரிய பணமுமாகும். முதல் சம்பளம் பெறும் நாளில் வைப்பு நிதி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கணக்கிற்கு நியமனதாரரைப் பதியுங்கள். எத்திட்டத்தில் சேர்ந்தாலும், ஆண்டுக்கு என்ன கழியும் என்று கேட்டு, விடையை எழுத்தில் பெறுங்கள். இவ்வினாக்களைக் கேட்பதற்குப் பொருளியல் பட்டம் தேவையில்லை. குறள் பயின்ற அறிவே போதுமானது.