முதலாண்டில் தர்க்கம், இறுதியாண்டில் ஒரே கேள்வி

கேள்வி: எஸ்டிபிஎம் முடித்த என் மகள் தத்துவம்தான் படிப்பேன் என்கிறாள். என் கணவருக்குச் செம்பனைத் தோட்டத்தில் வேலை. எங்கே சேர்ப்பது? மூன்றாண்டில் எந்தப் பாடத்தை எப்போது எடுப்பது? பணத்தைக் கட்டிவிட்டுத் திண்டாடக் கூடாதே?
– ஒரு தாய், ரந்தாவ், நெகிரி செம்பிலான்

பதில்: முதலில் இடத்தைப் பார்ப்போம். தத்துவத்தையே முதன்மைப் பாடமாகக் கொண்ட இளங்கலை மலேசியாவில் எளிதில் கிடைப்பதில்லை. மலாயாப் பல்கலைக்கழகத்தின் அறிவியல், தொழில்நுட்ப ஆய்வுத் துறை அறிவியலின் தத்துவத்தைக் கற்பிக்கிறது. தனித் தத்துவத் துறை வேண்டுமென்றால் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம், தாம்பரத்தில் உள்ள சென்னைக் கிறித்துவக் கல்லூரி போன்றவை உண்டு. பி.டி.பி.டி.என் உயர்கல்விக் கடன் உள்நாட்டுக் கல்விக்கூடங்களுக்குத்தான். எனவே வெளிநாடு என்றால் அந்தக் கடனை எதிர்பார்க்க முடியாது; மேலும், கட்டணம் கட்டுமுன் மலேசியத் தகுதி முகமையிடம் பட்டத்தின் அங்கீகாரத்தைக் கேட்டுவிடுவது கட்டாயம்.

அடுத்தது நேரக் கணக்கு. மலேசியாவில் இளங்கலைக்குக் குறைந்தது 120 கிரெடிட் வேண்டும். ஒரு கிரெடிட் என்பது விரிவுரை, வாசிப்பு, எழுத்து எல்லாம் சேர்ந்து 40 மணி நேரம். மூன்று கிரெடிட் பாடத்துக்கு 120 மணி. 14 வாரப் பருவத்தில் வாரத்துக்கு எட்டரை மணி. ஐந்து பாடம் எடுத்தால் வாரம் 43 மணியைத் தொடும். வாசிப்பு மிகுந்த பாடங்கள் மூன்றை ஒரே பருவத்தில் அடுக்கினால் மாணவி மூச்சுத் திணறிப்போவாள். இரண்டு போதும், மீதியைக் கட்டாயப் பாடங்களால் நிரப்பலாம்.

முதலாண்டில் தர்க்கமும் அறவியலும் தவறவே கூடாது. தர்க்கம் எதற்கு? இந்த வாதத்தைப் பாருங்கள்: ‘உழைப்பவர் எல்லாரும் முன்னேறுவர், தோட்டத்து மக்கள் முன்னேறவில்லை, ஆகவே அவர்கள் உழைக்கவில்லை.’ இதன் வடிவத்தில் குறையே இல்லை. முதல் கூற்றுதான் பொய். விடியுமுன் பெரட்டு எனும் ஆள்கணக்கெடுப்புக்குப் போய், பால்மரம் வெட்டி, வாளி சுமந்த தலைமுறையே அதற்குச் சாட்சி. வடிவம் சரியாக இருப்பது வேறு, கூற்று உண்மையாக இருப்பது வேறு என்று பிரித்துப் பார்க்கும் பயிற்சி முதல் பருவத்திலேயே கிடைத்துவிட்டால், பிறகு எழுதும் ஒவ்வொரு கட்டுரைக்கும் அது கைகொடுக்கும். சையத் ஹுசேன் அலாத்தாஸ் 1977இல் வெளியிட்ட ‘சோம்பேறிப் பூர்வகுடி என்ற கட்டுக்கதை’ நூல், காலனி ஆட்சியாளர்கள் மலாய், ஜாவானிய, பிலிப்பினோ மக்கள்மீது சுமத்திய இத்தகைய பழியைத்தான் ஆராய்கிறது.

இரண்டாமாண்டில் அறிவுக் கோட்பாடு, தத்துவ வரலாறு, இந்தியத் தத்துவம். இங்கே வரிசை முக்கியம். தத்துவ அறிஞர் ஹியூமைப் படிக்காமல், அவருக்குப் பதில் சொன்ன கான்டின் 1781ஆம் ஆண்டு நூலுக்குள் நுழைந்தால், அவர் யாருக்குப் பதில் சொல்கிறார் என்பதே பிடிபடாது. தமிழ் தெரிந்த மாணவிக்கு இந்தியத் தத்துவத்தில் ஒரு கூடுதல் வசதி உண்டு. மணிமேகலையின் 27ஆம் காதையில் பல சமயத்தாரின் கொள்கைகளையும், 29ஆம் காதையில் பௌத்த அளவையியலையும் மூலத்திலேயே வாசிக்கலாம்.

மூன்றாமாண்டு ஆய்வுக் கட்டுரைக்கு உரியது; அதற்குத் தனக்கென்று ஒரே கேள்வி வேண்டும். பணமுடையில் இருந்த தத்துவ அறிஞர் ராதாகிருஷ்ணன், உறவினர் ஒருவரின் பழைய பாடநூல்கள் கிடைத்ததால் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் தத்துவம் எடுத்தார் என்பார்கள். ஆனால் படிக்கப் படிக்க அவருக்கென்று ஒரு கேள்வி உருவானது. வேதாந்தத்தில் அறவியலுக்கு இடமில்லை என்ற குற்றச்சாட்டுக்கு மறுமொழியாக முதுகலை ஆய்வேட்டை எழுதினார்; 1908இல் அது நூலானபோது அவருக்கு 20 வயது. தோட்டத்துப் பெண்ணுக்கும் அப்படியொரு கேள்வி கிடைக்கும்: தோட்டத்தை விற்கும்போது, மூன்று தலைமுறையாக அங்கே குடியிருந்தவர்களுக்கு நியாயமாகச் சேர வேண்டியது எது? அதைக் கையில் எடுத்தால், இரண்டாமாண்டிலேயே அரசியல் தத்துவத்தையும் நீதிக் கோட்பாட்டையும் விருப்பப் பாடங்களாகப் பதிந்துகொள்ள வேண்டும்.

விண்ணப்பிக்குமுன், கடந்த இரண்டு ஆண்டுகளில் உண்மையாகவே நடத்தப்பட்ட பாடங்களின் பட்டியலைத் துறையிடம் கேட்டு வாங்குங்கள். கையேட்டில் உள்ள விருப்பப் பாடங்கள் எல்லாம் ஆண்டுதோறும் நடப்பதில்லை. மகளுக்குத் தேவையான பாடம் ஓராண்டு விட்டு ஓராண்டு வருமென்றால், அதற்கேற்ப மற்றவற்றை இப்போதே முன்பின்னாக மாற்றி எழுதிக்கொள்ளலாம்.